குழாய்ச் சத்தம்

ஊரில் எல்லோரும் அவளைக் குதிரைக்காரி என்றுதான் சொன்னார்கள். பத்தொன்பது வருஷமாகக் காட்டுக் குதிரைகளுக்குக் காவல் வேலை பார்க்கிறாள். ஆனால் ஒரு குதிரையின் பிடரிமயிரைக்கூட அவள் தொட்டதில்லை. தொடாமல் இருப்பதுதான் வேலை, அதுதான் பெருமையும். புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளுடைய புருஷன் மட்டும் சிரிக்கமாட்டார். கேட்டவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, காட்டுக் குதிரைக்கு மனுஷன் பழகிப்போனால் என்னென்ன கேடு வரும் என்று ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். ரோட்டுக்கு வரும், லாரியில் அடிபடும், பிஸ்கட்டை நீட்டுகிறவன் கையைக் கடிக்கும், அப்புறம் ஆபத்தான குதிரை என்று எழுதிப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் சொல்லி முடிக்கும்போது, வந்தவருக்குத் தான் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். மோட்டார்காரர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு வாஷர் மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். அதில் வாஷருக்குப் பத்து நிமிஷம், மீதியெல்லாம் பேச்சுக்கு. ஆனால் வேலை சுத்தம். அவர் மாட்டிய குழாய் ஒழுகியதாகச் சரித்திரம் இல்லை. அதனால் ஊர் அவருடைய வாயைப் பொறுத்துக்கொண்டது.

வீடு ஊருக்கும் புல்வெளிக்கும் நடுவில், தார்ரோடு முடிந்து மண்ரோடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட மூன்று அறைகள், பின்னால் செங்கல் சுவர் வைத்த ஒரு பழைய மோட்டார் கொட்டகை. ஓர் அறையில் அவருடைய தங்கை தையல் மிஷினோடு இருந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தவள். அண்ணனுக்குச் சளைத்த வாய் இல்லை அவளுக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் அதிகம் பேசாத குதிரைக்காரி எப்படிக் காலம் தள்ளினாள் என்று ஊருக்கே வியப்பு. அவள் காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவாள், அதுதான் ரகசியம்.

பைனாகுலர், கம்பி வெட்டுகிற கட்டர், ஒரு சாக்குப்பை. போகிற வழியெல்லாம் அறுந்த வேலிக்கம்பி, நைலான் கயிறு, பாட்டில் என்று பொறுக்கிக்கொண்டே போவாள். புல்வெளியில் பதினான்கு தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தது அவள்தான். தண்ணீர் குடிக்க வந்து தவறி விழுகிற முயலும் குருவியும் அதில் ஏறித் தப்பித்துக்கொள்ளும். முதலில் வனத்துறை ஆபீசில் சிரித்தார்கள். ஒரே வருஷத்தில், செத்து மிதக்கிற உயிர் ஒன்றுகூட இல்லாமல் போனதும் சிரிப்பு நின்றது. பாலத்துக்கு அடியில் நரி குட்டி போட்டிருந்தால் ஜீப்புகள் சுற்றிப்போக வேண்டியதுதான். அவள் கொடி நட்டுவிட்டால் பெரிய அதிகாரியே ஆனாலும் சுற்றித்தான் போவார். எண்பத்துமூன்று குதிரைகளையும் முகம் பார்த்தே சொல்லுவாள். ஆபீஸ் ஏட்டில் அவற்றுக்கு எண்கள்தான். மோட்டார்காரர் மட்டும் கிழக்குக் கூட்டத்தை அதட்டி உருட்டி நடத்துகிற வயதான சாம்பல்நிறப் பெண்குதிரைக்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு சேற்றுக்குழியாக நின்றது. காற்று அடித்தால் வீட்டுக்குள் பாத்திரத்தில் மண் படியும். ஒருநாள் காலையில் இளம் பெண்குதிரை ஒன்று தண்ணீருக்கு ஆசைப்பட்டுச் சேற்றில் இறங்கி, வயிறு வரை புதைந்துவிட்டது. ஆள் வந்து கயிறு போட்டு இழுத்து வெளியே எடுப்பதற்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது. கரையில் இரண்டு வாரக் குட்டி ஒன்று நின்றது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. கூட்டம் எப்போதோ போய்விட்டது. குட்டி மட்டும் அம்மா மேலே பூசிக்கிடந்த சேற்றை நக்கிக்கொண்டு நின்றது.

தாயில்லாத குட்டி கிடைத்தால் நகரத்துக் கொட்டடிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அங்கே புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பார்கள். மூன்று மாதத்தில் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே சுற்றும். அப்புறம் சேணம், வண்டி, சவாரி. திரும்பி வந்த குட்டி என்று ஒன்று இதுவரை கிடையாது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டரம்மா, கால்நடை மருத்துவர், காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் குதிரைக்காரி வாயைத் திறந்தாள்.

"இத என்கிட்ட விடுங்க டாக்டரம்மா. நாலு மாசத்துல கூட்டத்துக்கே திருப்பி அனுப்புறேன். மனுஷ மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியாம வளக்குறேன்."

"அது நடக்கிற காரியமாக்கா?"

"நடக்காட்டி அப்ப அனுப்பிக்கலாம்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். பிறகு நிபந்தனை போட்டார். நாலு மாதம் கழித்துத் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், குட்டி மனுஷனைத் தேடி ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுவதாகவும் சொன்னார். இது சரிப்பட்டு வந்தால் இனிமேல் எந்தக் குட்டிக்கும் இந்த வழி உண்டு. வராவிட்டால் தன்னிடம் இன்னொரு தடவை கேட்கக்கூடாது. குதிரைக்காரி தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நின்ற மோட்டார்காரருக்கு அப்போது பெருமையில் நெஞ்சு விரிந்தது. அந்தக் கையெழுத்தில் அவர் நாக்கையும் சேர்த்து அடகு வைத்துவிட்டாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

குட்டி பின்னால் இருந்த செங்கல் கொட்டகையிலும் அதை ஒட்டிப் போட்ட வேலிக்குள்ளும் இருக்கும். கொட்டகையிலிருந்து பார்த்தால் புல்வெளியும் தொட்டியும், தண்ணீருக்கு வருகிற கூட்டமும் மட்டும்தான் தெரியவேண்டும். வீடு தெரியாதபடி தார்ப்பாய் கட்டவேண்டும். யாருடைய முகமும் அதன் கண்ணில் படக்கூடாது. குரல் காதில் விழக்கூடாது. வீட்டுக்குள் குசுகுசுவென்று பேசினாலும் தகரக் கூரை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், வீட்டில் பேச்சே கூடாது. பேர் வைக்கக்கூடாது.

"பேரு வச்சா கூப்பிடத் தோணும்" என்றாள் குதிரைக்காரி. அன்றைக்கு அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

தையல்காரி இரண்டு நாள் மிஷினை மிதித்து, பழைய மழைக்கோட்டுகளை வெட்டி ஒட்டி, தலையிலிருந்து முழங்கால் வரை மூடுகிற அங்கி ஒன்று தைத்தாள். கண்ணுக்கு மட்டும் வலை. பிறகு மிஷினையும் ஊருக்குள் தெரிந்தவர் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள், அதன் சத்தமும் ஆகாது என்று. குதிரைக்காரி புல்வெளியிலிருந்து கூட்டம் போட்ட லத்தியைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அந்த அங்கியில் அழுந்தத் தேய்த்தாள். கொட்டகையைக் கூட்டப் போகும்போது அதை மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். வாரம் ஒருமுறை புது லத்தி. வீடே நாறியது. ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தால்கூட அந்த வாசம்தான். தையல்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு கையால் ஏதோ சொல்லுவாள். அது என்ன வார்த்தை என்று கேட்காமலே புரிந்தது.

பால் கொடுக்கிற ஏற்பாடு மோட்டார்காரருடையது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு புனல், அதிலிருந்து செங்கல்லைத் துளைத்துக்கொண்டு போகிற அரை அங்குலக் குழாய், அந்தப் பக்கம் குதிரை மடி உயரத்தில் ஒரு ரப்பர் காம்பு. நடுவில் ஒரு சின்ன வால்வு. பால் ஊற்றுகிற கை குட்டிக்குத் தெரியாது. சுவர்தான் அதற்குத் தாய். செய்து முடித்ததும் அவருக்கே அது ரொம்பப் பிடித்துப்போனது. வெறும் தண்ணீர் விட்டு ஐந்து தடவை சோதித்துப் பார்த்தார். குழாயில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் பால் இறங்காது என்று, வால்வைத் திறக்கும் முன்னால் எப்படி ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டவேண்டும் என்பதையும், அவர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இரண்டு பெண்களுக்கும் செய்து காட்டினார்.

முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒருதரம் பால். பிறகு மூன்று, பிறகு நான்கு. மூன்று பேரும் முறைவைத்துக்கொண்டார்கள். கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் கருவளையம். பேச்சில்லாத வீட்டில் சண்டை மட்டும் நிற்கவில்லை. மோட்டார்காரர் ஒரு சிலேட்டு வாங்கி வந்தார். "உப்பு இல்லை" என்று அவர் எழுதிக் காட்ட, தங்கை அதை வாங்கி அழித்துவிட்டு, "எழுந்து போய் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதினாள். எழுத்தில் வந்தால் கோபத்துக்குக்கூட மரியாதை வந்துவிடுகிறது என்பதை மோட்டார்காரர் அந்த நாலு மாதத்தில் கண்டுகொண்டார்.

ஆனாலும் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. பேச்சு நெஞ்சுவரைக்கும் வந்து நிற்கும். தாங்கமுடியாமல் போனால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மைல்கல் வரைக்கும் போய், அங்கே ஸ்டார்ட் பண்ணி, ஊருக்குள் கண்ணில் பட்ட முதல் ஆளிடம் நின்றுவிடுவார். குட்டி புல் கடிக்கப் பழகிவிட்டது, குட்டிக்கு முன்பல் வந்துவிட்டது, நேற்று மாமியார் வேலிக்கு இந்தப் பக்கம் மூக்கை நீட்டி அதை மோந்து பார்த்தது. மோந்து பார்த்துவிட்டுப் போகவில்லை, அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்றது. முதலில் பைத்தியக்காரக் குடும்பம் என்று சொன்ன ஊர், மெல்ல மெல்ல அவர் வருகிற நேரத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தது.

மழையும் வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்து ஏரியை நிரப்பிவிட்டுப் போனது. பத்தே நாளில் புல்வெளி பச்சையாகிவிட்டது. குதிரைக்காரி பாலை ஒருவேளையாகக் குறைத்து, பிறகு அதையும் நிறுத்தினாள். நாலாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் வேலிக்கதவைக் கயிறு கட்டித் தூரத்திலிருந்தே இழுத்துத் திறந்தாள். குட்டி கொஞ்சநேரம் வாசலில் நின்று காற்றை மோந்தது. பிறகு நடந்துபோய் மாமியாரின் பின்தொடைக்குப் பக்கத்தில், நெடுநாளாக அங்கேயே இருந்தது மாதிரி நின்றுகொண்டது. ஓர் ஆண்குதிரை காதை மடக்கிக்கொண்டு வந்தது. மாமியார் அதைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வந்த வழியே போய்விட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா வந்தார். மூன்று பேரும் வேலி ஓரத்தில் நிற்க, அவர் ஒற்றை ஆளாகப் புல்வெளியில் இறங்கி நேராகக் கூட்டத்தைப் பார்த்து நடந்தார். எண்பதடி இருக்கும்போது மாமியார் தலையைத் தூக்கியது. எழுபதடியில் கூட்டம் நகர்ந்தது. குட்டி எல்லோருக்கும் முன்னால் ஓடி அந்தப் பக்கம் நின்றது. டாக்டரம்மா இடப்பக்கம் போனார், வலப்பக்கம் வந்தார், உட்கார்ந்தார், ஒரு கேரட்டை நீட்டினார், நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். குட்டி கிட்டேயே வரவில்லை. திரும்பி வரும்போது டாக்டரம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. இதைத் தன் படிப்பில்கூடப் பார்த்ததில்லை என்றார். குதிரைக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மோட்டார்காரருக்கு ஆனந்தத்தில் கைகால் ஓடவில்லை.

அப்போதுதான் தொட்டியில் தண்ணீர் குறைவாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. மிதவை வால்வு மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். கை தன்பாட்டுக்குப் பின்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தது. வால்வைத் திறக்கும் முன்னால், இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம், குழாயில் இரண்டு தட்டுத் தட்டினார். டங், டங்.

குளம்புச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு குட்டி ஓடிவந்தது. மாமியாரையும் டாக்டரம்மாவையும் தாண்டி, வாலைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்து நின்றது. அதுவரை பார்த்தே இராத அவர் முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானில் மூக்கை வைத்து முட்டியது. சூடான மூச்சு வயிற்றில் பட்டது. மோட்டார்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். நாலு மாதமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவர் ஏங்கியது இதற்காகத்தான். அது கிடைத்த அந்த நிமிஷத்தில் அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

முகத்தை மறைத்தார்கள், குரலை மறைத்தார்கள், வாசத்தை மறைத்தார்கள். தட்டுச் சத்தத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. நினைக்க வழியும் இல்லை. அந்த வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் முதலில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கேட்டுக் குதிரைக்காரியின் காதுக்கு அது சத்தமாகவே படுவதில்லை. தையல்காரி பிறந்ததே ஒரு மோட்டார்காரர் வீட்டில். வேறு யார் வீடாக இருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பார்கள். குட்டிக்கு அம்மா குரல் என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு தட்டுத்தான்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் பேசினார். "அண்ணே, ரோட்டோரம் எவனாவது பஞ்சர் ஒட்டுறப்ப வீல் போல்ட்டத் தட்டினா, இது போய் நிக்கும். பட்டறையில போய் நிக்கும். இத நான் எப்படி விட்டுட்டுப் போறது?"

குதிரைக்காரி பதினைந்து நாள் கேட்டாள். இனிமேல் ஒருநாள்கூட நீட்டிக்கமுடியாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வண்டியில் ஏறினார்.

வீட்டில் பேசலாம் என்று ஆகியும் அன்றைக்குப் பகல் முழுக்க யாரும் பேசவில்லை. சாயந்திரம் தையல்காரிதான் ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவருக்கு ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையா என்று தொடங்கி, அடுக்கிக்கொண்டே போனாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த குதிரைக்காரி நிமிர்ந்தாள்.

"அவர ஏன் திட்டுற? இன்னிக்குத் தட்டாட்டி நாளைக்கு வேற எவனோ தட்டியிருப்பான், ரோட்டுல. நல்லவேளை, நம்ம கண்ணு முன்னாடி தெரிஞ்சுது." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அந்தச் சத்தம் கேட்டா பால் வரும்னு அதுக்குத் தெரியும். கேட்டா ஆபத்துன்னு தெரியணும். தட்டணும், அது ஓடி வரும், வந்தா விரட்டணும். தினமும். பயந்து நடுங்குற அளவுக்கு விரட்டணும்."

"யாரு விரட்டுறது?"

"நீங்கதான். அது உங்க தட்டு. எங்க கையில அந்தக் கணக்கா விழாது."

"என்னால முடியாதும்மா."

"முடியாட்டி வண்டி வரும்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள். தோலோடு பாதிக் கிழங்கும் போவதை அவர் பார்த்தார்.

மறுநாள் காலை பனி விலகியதும் போனார். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் ஒரு பழைய தகரத் துண்டு. இரண்டு தட்டுத் தட்டினார். குட்டி வந்தது. பத்தடியில் வந்ததும் தகரத்தை அடித்துக்கொண்டு பாய்ந்தார். கத்தினார். நாலு மாதம் அடைத்துக்கிடந்த குரல், அவருக்கே அடையாளம் தெரியவில்லை. குட்டி துள்ளித் திரும்பி இருபதடி ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. தப்பாக வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டோமோ என்கிற மாதிரி ஒரு பார்வை. மறுபடி தட்டினார். மறுபடி வந்தது.

திட்ட வேண்டும் என்றால் வார்த்தை வேண்டுமே. முதல் இரண்டு நாள் தெரிந்த வசவையெல்லாம் கொட்டினார். மூன்றாம் நாள் வசவு தீர்ந்துவிட்டது. குட்டியைப் பார்த்து வைய மனசும் வரவில்லை. அதனால் வாயில் வந்த மோட்டார் உதிரிபாகப் பேரையெல்லாம் கத்தினார். "புட்வால்வு! காஸ்கெட்டு! ஆயில் சீலு!" என்று புல்வெளி அதிரக் கத்திக்கொண்டு ஒரு மனுஷன் தகரத்தோடு ஓடுவதை ரோட்டில் போன லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். வீட்டில் தையல்காரி வயிறு வலிக்கச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு வாய் வைப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

நாலாம் நாள் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். மேலே படக்கூடாது என்றுதான் வீசினார், பட்டுவிட்டது. குட்டியின் விலாவில் பட்டு மண் சிதறியது. அது கத்திய சத்தம் சின்னப் பிள்ளை கத்தியது போல இருந்தது. அன்றைக்குத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். வீட்டுக்குப் போய், கையில் ஸ்பேனரை எடுக்கவே பிடிக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் சொன்னார். குதிரைக்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எத்தனை குட்டிகளைக் கொட்டடிக்கு வண்டி ஏற்றி அனுப்பியிருக்கிறாள் என்பதை முதல்தடவையாக அவரிடம் சொன்னாள். பதினொன்று. ஒவ்வொன்றின் நிறமும் நெற்றிக்குறியும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொல்லி முடித்ததும் அவர் எழுந்து தகரத்தின் நெளிவைச் சுத்தியலால் நிமிர்த்த ஆரம்பித்தார்.

ஏழாம் நாள் குட்டி பாதி தூரம் வந்து நின்றது. ஒன்பதாம் நாள் மாமியார் குறுக்கே வந்தது. தட்டுச் சத்தம் கேட்டதும் குட்டி காதை விறைத்துக்கொண்டு ஓரடி எடுத்துவைத்தது. மாமியார் வந்து அதன் பின்புறத்தில் ஒரு கடி கடித்துத் திருப்பிக்கொண்டு போனது. போகிற போக்கில் மோட்டார்காரரையும் ஒரு பார்வை பார்த்தது. "நான் சொன்னா கேக்கல, நீங்க சொன்னா கேக்குது" என்று அவர் அதற்குக் கேட்காத தூரத்தில் சொல்லிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் தட்டினதும் குட்டி வரவில்லை. பதின்மூன்றாம் நாள் தட்டினதும் ஓடியது. அவர் தகரத்தைக் கீழே போட்டார்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா விடுவாரா? பஞ்சர் கடைக்காரரையே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கூட்டம் தொட்டிக்கு நூறடி தள்ளி மேய்ந்தது. முதலில் பஞ்சர் கடைக்காரர் இரும்புக் கம்பியால் ஜீப்பின் சக்கரத்தைத் தட்டினார். குட்டி தலையைத் தூக்கியது. டாக்டரம்மா தொட்டிக் குழாயைத் தட்டினார். குட்டி இரண்டடி பின்வாங்கியது. பிறகு அவர் மோட்டார்காரரைப் பார்த்து, "நீங்க தட்டுங்கண்ணே" என்றார்.

மோட்டார்காரர் முன்னால் போனார். கையில் தகரம் இல்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். இரண்டு தட்டு, நாலு மாதம் பால் ஊற்றிய அதே கணக்கில், அதே கனத்தில்.

குட்டியின் உடம்பு முழுதும் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அவரைப் பார்த்தது. நன்றாகத்தான் பார்த்தது. பிறகு ஒரே தாவலில் திரும்பி, மாமியார் கிளம்பும் முன்னாலேயே கிளம்பிவிட்டது. அது ஓடுவதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் சேர்ந்து ஓடியது. புல்லுக்குள் பதுங்கியிருந்த இரண்டு முயல்கள் தெறித்து ஓடின. குளம்படியில் தரை அதிர்ந்தது. நின்றவர்களின் கால் வழியாக அது ஏறியது. மேட்டின்மேல் ஏறும்போது செம்பழுப்புக் குட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒருதடவைகூடத் திரும்பவில்லை.

மோட்டார்காரருக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. அதே இடத்தில் ஏதோ ஒன்று பொங்கி நிரம்பவும் செய்தது. இரண்டில் எது பெரியது என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. டாக்டரம்மா ஜீப்பின் முன்மூடிமேல் காகிதத்தை வைத்து, குட்டி கூட்டத்தோடு இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, இனிமேல் கிடைக்கிற தாயில்லாக் குட்டிகளை முதலில் குதிரைக்காரியிடம் காட்டவேண்டும் என்று இன்னொரு வரியும் எழுதினார். தையல்காரி அதை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். அண்ணனைத் திட்ட ஒன்றும் கிடைக்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

குதிரைக்காரி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மேட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எத்தனையோ மோட்டார் பாத்திருக்கீங்க. நீங்க பாத்த வேலையிலயே சுத்தமான வேல இதுதான்."

மோட்டார்காரர் ஸ்பேனரைத் துடைத்துப் பின்பையில் செருகிக்கொண்டார்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்து, உதிரிபாகக் கடையில் வெளியூர்க்காரர் ஒருவர், கதையைக் கேள்விப்பட்டு அவரிடம் பேச்சுக் கொடுத்தார். குட்டி இப்போது ஒன்றரை வயதுக் குதிரையாகிவிட்டதாமே, நீங்கள் போய் நின்றால் வளர்த்தவர் என்று அடையாளம் தெரிந்து கிட்டே வருமா என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மோட்டார்காரர் கையிலிருந்த ஆயில் சீலைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வர்றதாவது. நான் அந்தப் பக்கம் போறேன்னு தெரிஞ்சாலே போதும், ரெண்டு மேடு தாண்டிப் போயிடும். எங்க வீட்டுக் குட்டிங்க அது. என்னக் கண்டா நிக்கவே நிக்காது" என்றார். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். கேட்டவருக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னார்.